உயிரணுவினுள் ஒரு சர்க்கரை: ஒரு சான்று போதுமா?

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை அறியாதார் நம் நாட்டில் இலர். அதனை எடுத்து மொழிவோர் பலர். அதன்படி ஒழுகுவோர் மிகச் சிலர். காதாற் கேட்டதை ஐயுறுதல் எளிது. அயலார் சொல்லையன்றோ அங்கே ஐயுறுகின்றோம்! கண்ணாற் கண்டதை ஐயுறுதலோ அரிது. அங்கே நம்மை நாமே ஐயுற வேண்டியிருக்கின்றது. இவ்வரிய செயலை முறையாகச் செய்தற்கென்றே அமைந்தவை விஞ்ஞான ஆராய்ச்சிச் சாலைகள். ஆயினும் அங்கும் அது தானே நிகழ்வதன்று. ஆராய்வோர் வேண்டுமென்று செய்தாலன்றி நிகழாது. இவ்வுண்மையை விளக்குதற்கு, உயிரணுவினுள்ளே புரதத்தின்மேல் ஏறியிருக்கும் சர்க்கரையைக் கண்டறியும் முறைகளின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தோன்றவில்லை.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் வினவலாம். விடுதியில் எம் அறைக்கு அடுத்த அறையில் உறையும் தோழர் உயிர் இரசாயனம் பயில்பவர். ஒருநாள் மாலை அவர் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் வெளிவந்திருந்த படத்தை எமக்குக் காட்டினார். வெண்மையான பரப்பில் ஏணிப் படிகளைப்போலக் கரிய கோடுகள் சில இருந்தன. "இக்கோடு உள்ள இடத்தில் புரதத்தின்மேல் சர்க்கரை உண்டு" என்றார் அவர். "சர்க்கரையன்றி வேறொரு பொருள் அக்கோட்டை இட்டிராது என்பதை எங்ஙனம் அறிந்தனர்?" என்று யாம் வினவினோம். அறிந்து வினவியதன்று, அறியாமையால் வினவியதே. அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அதனைக் கேளாமையால் இடறியவர் பலர்" என்றார். அன்றுதொட்டு அவர் எமக்கு விளக்கியவற்றையும், யாம் தேடிப் படித்தவற்றையும் கொண்டு இதனை வரைகின்றோம்.

உயிரணுவின் தொழில்களுள் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். ஒரு புரதம் உருவாகிய பின்னர்ச் சிறு பொருள்கள் சில அதன்மேல் வந்து ஒட்டுதல் உண்டு. ஒட்டியபோது ஒரு தொழிலும், நீங்கியபோது வேறொரு தொழிலுமாகப் புரதத்தின் இயல்பு மாறும். பாஸ்பேட்டு அவ்வாறு ஒட்டி நீங்குதல் நெடுநாளாக அறியப்பட்டது. சர்க்கரை ஒட்டுதலும் அறியப்பட்டதே. ஆயின் அது பெரும்பாலும் உயிரணுவின் புறப்பரப்பிலுள்ள புரதங்களுக்கும், உயிரணுவினின்று வெளியே செல்லும் புரதங்களுக்கும் உரியதென்றே கொண்டனர். உட்கருவிலும் அதனைச் சூழ்ந்த குழம்பிலும் உழைக்கும் புரதங்களுக்குச் சர்க்கரை இல்லை என்பதே பாடநூல்களின் முடிவாக இருந்தது.

அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்மென் ரோசா டோரஸ் என்னும் அம்மையாரும் ஜெரால்டு ஹார்ட் என்பவரும் நிணவணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளை ஆராயப் புகுந்தனர். அவர்கள் கைக்கொண்ட கருவி பசுவின் பாலிலிருந்து எடுத்த ஒரு நொதி. பசுவின் மடியில் பாற்சர்க்கரை உண்டாதற்குத் துணைசெய்யும் அந்நொதி, என்-அசெட்டில்குளுக்கோசமின் என்னும் சர்க்கரை எங்கேனும் முனையில் நிற்கக் கண்டால் அதன்மேல் காலக்டோசைப் பிணைக்கும் இயல்புடையது. கதிரியக்கமுள்ள காலக்டோசை அந்நொதிக்குக் கொடுத்தால், அது பிணைத்த இடமெல்லாம் கதிரியக்கத்தால் வெளிப்படும். நொதி உயிரணுவினுள் நுழையாதாதலின், மேற்பரப்பில் உள்ளவை மட்டுமே தென்படும் என்பது அவர்கள் எண்ணம். உயிரணுக்களைச் சவர்க்காரம் போன்ற பொருளாற் கரைத்தபோதோ, குறியின் பெரும்பகுதி அதுவரை உள்ளே மறைந்திருந்தமை தெரிந்தது. அதுவும் கிளைத்து நீண்ட சர்க்கரைச் சங்கிலியன்று. புரதத்திலுள்ள செரின் அல்லது திரியோனின் என்னும் அமினோ அமிலத்தின் ஆக்சிசனில் தொங்கும் ஒரே ஒரு சர்க்கரை. இதற்கு ஓ-குளுக்நாக் என்பது பிற்காலத்து வழங்கிய சுருக்கப் பெயர்.

கதிரியக்கம் தென்பட்டதென்று கூறி அவர்கள் அமைந்துவிட்டிலர் என்பது இங்கே கருதத்தக்கது. குறி பெற்ற பொருளைக் காரத்தினாற் புரதத்தினின்றும் பிரித்தெடுத்தனர். பிரிந்தது தாம் எதிர்பார்த்த இருசர்க்கரைக் கூட்டே என்பதை வேறு முறைகளாலும் நிறுவினர். அதன்பின்னரே 1984-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். 1986-இல் ஹார்ட்டும் அவர்தம் மாணவரும் எலியின் ஈரலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, இச்சர்க்கரை மிகுந்திருக்குமிடம் உட்கருவும் குழம்புமே எனக் காட்டினர். இன்றோ, ஆயிரக்கணக்கான புரதங்கள் இதனைத் தாங்குவனவாக அறியப்பட்டுள்ளன. பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள் மனிதவுடலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை; இச்சர்க்கரையை ஒட்டுவதோ ஒரே நொதி, நீக்குவதும் ஒரே நொதி.

இத்துணைப் பரந்து கிடக்கும் ஒன்று இத்துணைக் காலம் கண்ணிற் படாதது எதனால்? புரதங்களை ஆராய்வோர் கூழ் போன்றதொரு பலகையில் மின்சாரத்தைச் செலுத்தி அவற்றை அளவு வாரியாகப் பிரிப்பர். இச்சர்க்கரை மிகச் சிறிது, மின்னேற்றமும் அற்றது. ஆதலின் இது ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலும் புரதம் பலகையில் நிற்குமிடம் மாறுவதில்லை. மேலும், உயிரணுவை உடைத்தவுடன் சர்க்கரையை நீக்கும் நொதி தடையின்றி உழைக்கத் தொடங்கும். அதனைத் தடுக்கும் மருந்தை முன்னரே இடாவிடின், ஆராய்வோர் நோக்குமுன் சர்க்கரை போய்விடும். பொருளின் எடையை நுட்பமாக அளக்கும் நிறைமானிக் கருவியிலும், புரதத் துண்டை வாயுவோடு மோதவிட்டு உடைக்கும்போது, முதலில் உதிர்வது இச்சர்க்கரையே. சர்க்கரை இருந்ததென்பது தெரியும். எவ்விடத்தில் இருந்ததென்பது தெரியாது.

இங்ஙனம் ஒளிந்து திரியும் பொருளைப் பிடித்தற்குப் பல சாட்சிகளை ஏற்படுத்திக் கொண்டனர். அச்சாட்சிகளை ஒவ்வொன்றாக உசாவுவோம்.

முதற் சாட்சி கோதுமை முளையில் உள்ள லெக்டின் என்னும் புரதம். இது என்-அசெட்டில்குளுக்கோசமினைப் பற்றிக்கொள்ளும். உட்கருவின் வாயில்களாக அமைந்த புரதங்களில் இச்சர்க்கரை உண்டென்பதை 1987-இல் அறிதற்கு இது பெரிதும் உதவியது. ஆயின், சயாலிக் அமிலம் என்னும் வேறொரு சர்க்கரையையும் இது பற்றும். புறப்பரப்பின் சங்கிலிச் சர்க்கரைகளையும் விடாது. கோதுமைப் புரதம் பற்றியது என்பதனால் மட்டும் ஓ-குளுக்நாக் உண்டென்று துணிதல் தகாது.

இரண்டாம் சாட்சி எதிர்ப்பொருள். ஒரு விலங்கின் உடலில் அயற்பொருளைச் செலுத்தின், அதனை இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருள் அவ்வுடலில் உண்டாகும். ஆர்.எல். 2 என்பது 1987-இல் கிடைத்தது, சி.டி.டி. 110.6 என்பது 2001-இல் வெளியிடப்பட்டது. வாங்குதற்கும் கையாளுதற்கும் எளியவையாதலின் இவை உலகெங்கும் பரவின. எம் தோழர் காட்டிய கரிய கோடும் இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்று இட்டதே.

இச்சாட்சியின் வாக்குமூலத்தில் நேர்ந்த பிழையைக் கேளுங்கள். உயிரணுக்களுக்குக் குளுக்கோசு கொடாமல் பட்டினி போட்டபோது, சி.டி.டி. 110.6 இடும் கோடுகள் சிலவற்றில் மிகக் கறுத்தன. உணவுச் சர்க்கரை குறையக் குறையப் புரதத்தின்மேல் ஏறும் சர்க்கரை மிகுகின்றது என்று அதற்குப் பொருள் கூறலாம், கூறியவரும் உண்டு. நெருக்கடிக் காலத்தில் உயிரணு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இதுவென்று அழகியதொரு விளக்கமும் பொருந்தும். ஆனால் 2011-இல் ஜப்பானிய ஆராய்ச்சி ஒன்று அக்கோட்டையே குறுக்கு விசாரணை செய்தது. குளுக்கோசு இல்லாமையால் புறப்பரப்புக்குரிய சங்கிலிச் சர்க்கரை முற்றுப்பெறாது, வேறொரு வகைப் பிணைப்பில் இரண்டே சர்க்கரையாகக் குறைந்து நின்றது; அக்குறைச் சங்கிலியையே எதிர்ப்பொருள் பற்றியிருந்தது. கோடு இருந்தது மெய். கோட்டிற்குக் கூறிய பொருள் பொய். எதிர்ப்பொருள் வேண்டுமென்று பொய் கூறவில்லை. தனக்கு ஒத்ததாகத் தோன்றியதைப் பற்றிற்று. பிழை சாட்சியினுடையதன்று, ஒரே சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பெழுதியவருடையது.

மூன்றாம் சாட்சியின் வரலாறு இன்னும் சுவையுடையது. உயிரணுவில் இயற்கையாக இல்லாத அசைடு என்னும் சிறு கொக்கியைச் சர்க்கரையில் மாட்டி, அச்சர்க்கரையை உயிரணுவுக்கு ஊட்டுவர். உயிரணு அதனைத் தன் சர்க்கரையென்றே கருதிப் புரதத்தின்மேல் ஏற்றிவிடும். பின்னர்க் கொக்கியை மட்டும் பற்றும் வேறொரு பொருளை இட்டு, புரதத்தை ஒளிரச் செய்யலாம், இழுத்தும் எடுக்கலாம். ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1919-இல் கண்ட பழைய வினையைத் திருத்தியமைத்து, கரோலின் பெர்டோசி அம்மையாரும் அவர்தம் மாணவரும் 2000-இல் இவ்வழியைத் திறந்தனர். 2003-இல் அது ஓ-குளுக்நாக்கைத் தேடவும் பயன்படுத்தப்பட்டது. இடையே 2002-இல் மோர்ட்டென் மெல்டாலும் பாரி ஷார்ப்லெஸும் தனித்தனியே செம்பின் துணையால் அசைடைப் பிணைக்கும் விரைவான முறையைக் கண்டனர். இம்மூவரும் 2022-ஆம் ஆண்டு இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசைப் பெற்றனர்.

பரிசின் பெருமை முறையின் குறையை நீக்கிவிடாது. சர்க்கரை உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே புகுதல் கடினம். ஆதலின் அசெட்டில் என்னும் போர்வைகளை அதன்மேற் போர்த்து அனுப்புவர். உள்ளே சென்றதும் உயிரணுவின் நொதிகள் போர்வைகளைக் களையும். இவ்வேற்பாட்டைப் பல்லாண்டுகள் பலரும் ஐயமின்றிக் கையாண்டனர். 2018-இல் சீனநாட்டுப் பீக்கிங் பல்கலைக்கழகத்தார் ஓர் உண்மையை வெளியிட்டனர். போர்வை போர்த்த சர்க்கரை, நொதியின் உதவி சிறிதும் இன்றித் தானே சென்று, சிஸ்டீன் என்னும் வேறோர் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கின்றது என்பதே அது. உயிரணு ஏற்றாத சர்க்கரையை உயிரணு ஏற்றியதாகக் கணக்கெழுதி வந்திருக்கின்றனர்! போர்வையற்ற சர்க்கரையை ஊட்டியபோது இப்பிழை நேரவில்லை. இதனை வெளியிட்டவர் புறத்தே நின்று பழி கூறியவர் அல்லர். அத்தகைய சர்க்கரைகளைத் தாமே நெடுநாள் கையாண்டவர். தம் கருவியைத் தாமே ஐயுற்று, ஐயத்தை ஆராய்ந்து, ஆராய்ந்ததை மறையாது உரைத்தனர். ஒரு புதிய புரதத்தைக் கண்டறிதலினும் இச்செயல் உயர்ந்தது என்பது எம் துணிபு.

நான்காம் சாட்சி, டோரஸும் ஹார்ட்டும் கொண்ட பால் நொதியின் வழித்தோன்றல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இராமகிருஷ்ணன், காஸ்பா என்னும் இருவர் 2002-இல் அந்நொதியின் 289-ஆம் இடத்திலுள்ள டைரோசினை நீக்கி, அவ்விடத்தில் லூசினை அமைத்தனர். நொதியின் குழி அதனால் அகன்றது. பெரிய சர்க்கரைகளையும் ஏற்கும் ஆற்றல் பெற்றது. அடுத்த ஆண்டே, கொக்கியுடைய சர்க்கரையை இந்நொதியைக் கொண்டு ஓ-குளுக்நாக்கின்மேல் பிணைக்கும் முறை வெளிவந்தது. பின்னர் அக்கொக்கியில் கனமான வால் ஒன்றைக் கட்டவும் அறிந்தனர். வால் பெற்ற புரதம் பலகையில் மேலே தங்கும். வால் பெறாதது கீழே செல்லும். ஒரு புரதத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை தாங்கியது என்னும் கணக்கு இதனால் கிடைக்கின்றது. உண்டா இல்லையா என்பதோடு எவ்வளவு என்பதற்கும் விடையளித்தல் இச்சாட்சியின் சிறப்பு. எனினும், முனையில் நிற்கும் என்-அசெட்டில்குளுக்கோசமின் எதுவாயினும் இந்நொதி ஏற்கும். ஆதலின் சங்கிலிச் சர்க்கரைகளை முன்னரே வெட்டி நீக்குதல் வேண்டும்.

ஐந்தாம் சாட்சி நிறைமானி. இச்சர்க்கரை ஏறிய துண்டு 203 அலகு எடை கூடியிருக்கும். மோதலால் உடைத்தாற் சர்க்கரை உதிர்ந்துவிடும் என்றோம். 2004-இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹண்ட் குழுவினர், எலெக்ட்ரானைக் கொடுத்துப் புரதத்தின் முதுகெலும்பை மட்டும் உடைத்து, ஒட்டிய பொருளை உதிராமற் காக்கும் முறையை வெளியிட்டனர். எத்தனையாவது அமினோ அமிலத்தில் சர்க்கரை உள்ளது என்பதை அதனாற் சுட்டிக்காட்ட இயலும். இச்சாட்சி நுட்பமானது, ஆயின் அரிதாக உள்ளவற்றைக் காணத் தவறும். அது காணாதது இல்லாததாகிவிடாது.

சாட்சிகள் ஐவரையும் உசாவினோம். குற்றமற்றவர் ஒருவரேனும் இல்லை. அங்ஙனமாயின் உண்மையை அறிதல் எவ்வாறு? இங்கேதான் தமிழ் மாணவராகிய யாம் ஒரு சொல் சொல்லத் துணிகின்றோம். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் பல ஏட்டுப்பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியதை நாம் அறிவோம். ஏடுகள் பல கிடைத்தல் நன்று. ஆனால் பத்து ஏடுகள் ஒரு பாடத்தையே காட்டினும், அப்பத்தும் ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்டவையாயின், அவை பத்துச் சான்றுகள் அல்ல, ஒரு சான்றே. தாயேட்டில் நேர்ந்த பிழை பத்திலும் தொடரும். வெவ்வேறு வழியில் வந்த இரண்டு ஏடுகள் ஒத்துக் கூறுவதே, ஒரு வழியில் வந்த பத்து ஏடுகள் கூறுவதினும் வலியுடைத்து.

ஆராய்ச்சிச் சாலைக்கும் இதுவே நீதி. ஒரே எதிர்ப்பொருளைக் கொண்டு பத்து முறை செய்து, பத்து முறையும் அதே கோடு வந்தது எனல் பத்துச் சான்றாகாது. எதிர்ப்பொருள் பிழைபடும் வழி ஒன்று. ஊட்டிய சர்க்கரை பிழைபடும் வழி வேறு. நொதி பிழைபடும் வழி மற்றொன்று. ஒரே விதமாகப் பிழைபட இயலாத இரண்டு முறைகள் ஒத்துரைப்பின், அப்பொழுது நம்பலாம். எண்ணிக்கையன்று, வேற்றுமையே சான்றின் வலிமை என்பது எம் கருத்து.

இதனோடு ஒப்புச்சோதனையும் இன்றியமையாதது. எதிர்ப்பொருளோடு தனிச் சர்க்கரையை மிகுதியாகக் கலந்து வைத்தால், அது அச்சர்க்கரையையே பற்றிக்கொண்டு புரதத்தை விட்டுவிடும். கோடு மறைதல் வேண்டும். மறையாவிடின் அக்கோடு சர்க்கரையைப் பற்றியதன்று. சர்க்கரையை அரியும் நொதியை முன்னரே இட்டாலும் கோடு மறைய வேண்டும். சர்க்கரையை நீக்கும் நொதியைத் தியாமெட்-ஜி போன்ற மருந்தால் தடுத்தால் கோடு கறுக்க வேண்டும். சர்க்கரை ஏறுமிடமாகிய செரினை மாற்றி அலனினை அமைத்தால், அவ்விடத்துச் சர்க்கரை ஒழிய வேண்டும். இச்சோதனைகள் யாவும் ஒரு பொதுவியல்புடையன: ஆராய்வோன் தன் கொள்கை தோற்கக்கூடிய களத்தில் தானே அதனை இறக்கிவிடுகின்றான். தோற்கும் வாய்ப்பே இல்லாத சோதனை சோதனையன்று, அலங்காரம்.

இதற்கு இருவகைத் தடை எழுப்பப்படுவதைக் கேட்டிருக்கின்றோம். ஒன்று, காலமும் பொருளும் பெரிதும் செலவாகும். சிறிய சாலைகள் என் செய்யும் என்பது. நிறைமானி எல்லார்க்கும் கிட்டாது என்பது உண்மையே. ஆனால் எதிர்ப்பொருளோடு தனிச் சர்க்கரையைக் கலந்து பார்த்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டா; எதிர்ப்பொருளின் விலையை நோக்க அச்சர்க்கரையின் விலை அற்பமே. பொருளின்மை அன்று, பொறுமையின்மையே பலவிடத்துத் தடையாகின்றது. மற்றொன்று, எல்லாவற்றையும் ஐயுற்றால் எதனையும் அறிய இயலாது என்பது. இது மறுதலையாகவே நிகழ்ந்துள்ளது. ஓ-குளுக்நாக் உண்டென்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. கதிரியக்கமும், காரமும், லெக்டினும், எதிர்ப்பொருளும், நிறைமானியும் தத்தம் வழியில் வந்து அங்கே கூடினமையே காரணம். ஐயமே அதனை நிலைநிறுத்திற்று.

இது ஆராய்ச்சியாளரின் தனிவழக்கு, நமக்கென்ன என்று இருத்தற்கில்லை. முதுமையில் நினைவையழிக்கும் அல்ஸைமர் நோயில், நரம்பணுவிலுள்ள டௌ என்னும் புரதம் அளவிறந்த பாஸ்பேட்டைத் தாங்கித் திரண்டு கட்டியாகின்றது. சர்க்கரையை நீக்கும் நொதியைத் தடுத்து டௌவின்மேல் சர்க்கரையை மிகுவித்தால் அக்கேடு தணியுமோ என்னும் எண்ணத்தால், எலிகளில் தொடங்கிய சோதனை மனிதரிடத்தும் நடந்துள்ளது. மருந்து உடலில் தன் தொழிலைச் செய்ததா என்பதை அறிய, குருதியணுக்களில் இச்சர்க்கரையை அளப்பதும் உண்டு. அவ்வளவு பொய்க்குமாயின், பிழை ஒரு தாளில் நின்றுவிடாது. மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்கும் ஒரு தாயின் இல்லத்தில், வீண் நம்பிக்கையாகவோ வீணே கைவிடப்பட்ட மருந்தாகவோ அது போய் முடியும்.

பிறரை இவ்வளவு கூறிய யாம் எம் குற்றத்தையும் கூறவேண்டும். மேனிலைப் பள்ளியில் படித்தபோது, சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசலைக் கொண்டு ஒரு செய்முறைத் தேர்வு நடந்தது. கொடுத்த கரைசலோடு அதனைச் சேர்த்துக் காய்ச்சினால் நீலம் மாறிச் செங்கல் நிறம் வரும். அருகே வெறுநீர் இட்ட குழல் ஒன்றையும் காய்ச்சி, அதில் மாற்றமின்மையைக் காணவேண்டும் என்பது விதி. யாம் முதற்குழலைக் காய்ச்சினோம், செம்மை வந்தது, மகிழ்ந்தோம். வெறுநீர்க் குழலைக் காய்ச்சாமலே கொட்டிவிட்டு, "மாற்றமில்லை" என்று ஏட்டில் எழுதினோம். எம்மையொத்தவர் பலர் அவ்வாறே செய்தனர். முழு மதிப்பெண்ணும் பெற்றோம். வைட்டமின் சி கரைத்த நீரும் அதே செம்மையைத் தரும், அங்கே சர்க்கரை ஒரு துளியும் வேண்டா என்பதைச் சென்ற ஆண்டு எம் தோழர் சொல்ல அறிந்தபோது நாணினோம். வெறுநீர்க் குழலைக் காய்ச்சியிருப்பினும் வைட்டமினைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம் என்பது வேறு. காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கம் அன்றே கையில் ஏறிவிட்டது என்பதே எம் வருத்தம்.

ஆதலின் எம் விண்ணப்பம் இது. செய்முறை வகுப்புகளில் முன்னரே தெரிந்த விடையை அடைதற்கே மதிப்பெண் அளித்தல் போதாது. ஒவ்வொரு செய்முறை ஏட்டிலும் முடிவுக்குக் கீழே மேலும் ஒரு கட்டம் அமையட்டும். "இத்தோற்றத்தை வேறு எது தந்திருக்கலாம்? அதனை எங்ஙனம் விலக்கினாய்?" என்னும் இரண்டு வினாக்கள் அதிற் பொறிக்கப்படட்டும். வெறுநீர்க் குழலைக் காய்ச்சியவனுக்கு ஒரு மதிப்பெண் உண்டு என்றாகட்டும். இலக்கிய மாணவர்க்கும் அக்கட்டம் வேண்டும். ஓர் உரையாசிரியர் சொல்லை மட்டும் கொண்டு பாட்டின் பொருளை முடிவுசெய்து, வேறு உரையை நோக்காது தேர்வெழுதும் யாமும் வெறுநீரைக் கொட்டியவரே ஆவோம்.

மாணவத் தோழர்களே! நம்முள் ஆராய்ச்சிச் சாலைக்குச் செல்வோர் சிலர். ஏனையோர் ஆசிரியராகவும், அலுவலராகவும், வழக்கறிஞராகவும் வெவ்வேறிடத்து அமர்வோம். எங்கே அமரினும் கரிய கோடு ஒன்று நம்முன் வந்து நிற்கும். நாம் விரும்பிய பொருளையே அது கூறுவதாகத் தோன்றும். அப்பொழுது இரண்டாவது சாட்சியை அழைத்து உசாவும் பொறுமை நமக்கு உண்டாகுக. முதற் சாட்சி மெய்யே கூறியிருப்பினும் அவ்வுழைப்பு வீணாகாது. அதுவரை நம்பிக்கையாக இருந்தது அன்று முதல் அறிவாகும்.